வாசலைத் தாண்டாத புத்தகங்கள்

இராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு உரக்கடைக்கும் மூடிக்கிடந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் இருந்தது அந்தப் படிப்பகம். வெங்கடேஸ்வரி அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆட்கள் வந்ததெல்லாம் மின்விசிறிக்காகத்தான். செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார்கள், விழித்ததும் அதையே மடித்து விசிறிக்கொண்டு போவார்கள். புத்தகம் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

படிப்பகத்தை நடத்திய அறக்கட்டளைக்குச் செயலாளர் வைகுண்டராஜ். பெயிண்ட் கடைக்காரர். ஒருநாள் டிவிஎஸ் வண்டியில் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

"யாரோ புண்ணியவான் குடுத்தது. எல்லாம் நோயப் பத்தின புக்கு. தனியா ஒரு அடுக்கு போடு தாயி. சனங்களுக்கு விழிப்புணர்வு வரட்டும்."

"வந்து எடுப்பாவளா அண்ணாச்சி?"

"எடுக்க வைக்கணும். அதுக்குத்தான உன்னப் போல படிச்ச புள்ளய வச்சிருக்கு."

சர்க்கரை, காசநோய், சிறுநீரகம், இருதயம், மூட்டுவாதம், மஞ்சள்காமாலை, விதவிதமான புற்றுநோய்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு புத்தகம். ஒவ்வொரு முதுகிலும் கொட்டை எழுத்தில் நோயின் பெயர். சுவரோரம் இருந்த இரும்பு அடுக்கில் வரிசையாக நிறுத்திவைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தானே. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, பூர்வீகம் சுந்தரபாண்டியம். அங்கெல்லாம் வீட்டுக்குள் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள். புற்றுநோய் என்றால் அந்த நோவு. காசநோய்க்காரனுக்கு நெஞ்சுச்சளி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள் என்பது அவர்கள் நியாயம். அட்டையில் பெயர் அச்சடித்த புத்தகத்தை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோவதும், நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

வெங்கடேஸ்வரிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விலங்கியல் படித்து, தாசில்தார் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்து, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கியவள். அவள் சித்தப்பா ஒருவர் நெஞ்சுச்சளியிலேயே செத்தார். சரியான பெயரை ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஆறு மாத மாத்திரையில் பிழைத்திருப்பார். ஒரு சார்ட் அட்டையை வாங்கி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'வெங்கடேஸ்வரி பரிந்துரைக்கும் புத்தகங்கள்' என்று எழுதி, நோய் அடுக்குக்கு மேலே ஒட்டினாள். எல்லாப் புத்தகங்களையும் தானே ஒன்று விடாமல் படித்தும் முடித்தாள்.

முதல் புத்தகம் கோபத்தில்தான் போனது.

முத்துவீரன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வந்து, எல்லாச் செய்தித்தாள்களையும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, ஒன்றைப் படிப்பார், மற்றவற்றின்மேல் கையை ஊன்றிக்கொள்வார். அன்றைக்கு அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, காலேசு படிச்சவ கடைசியில வைத்தியச்சியாயிட்டியா? எனக்கு ஒண்ணு எழுதிக் குடேன், இளவட்டமாகிற மாதிரி."

அன்று காலை ஷட்டரைத் தூக்கியபோதே நோய் அடுக்கில் ஒரு புத்தகம் மட்டும் வரிசையை விட்டு ஒரு விரல் அளவுக்கு வெளியே வந்து நின்றதை அவள் பார்த்திருந்தாள். உள்ளே தள்ள நினைத்து மறந்துவிட்டாள். கைக்கு வாகாக அதுதான் வந்தது. உருவி அவர் முன்னால் போட்டாள். சிறுநீரகப் புத்தகம்.

"இத வாசிங்க மாமா. பேப்பர் மத்தவங்களுக்கும் வேணும்."

"நான் எல்லையில குண்டையே பாத்தவன். இதுக்கெல்லாம் பயப்படுவனாக்கும்," என்று சொல்லி, எல்லாரும் பார்க்க அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

வாரங்கள் போயின. ஒரு மத்தியான நேரத்தில் அவர் மனைவி வந்தார். படிப்பகத்துக்குள் கால் வைக்கவில்லை. புத்தகத்தை வாசற்படியில் வைத்தார். அதன்மேல் ஒரு வேப்பங்கொத்து.

"என்ன அத்தை, உள்ள வாங்க. மாமா எப்படியிருக்காக?"

"கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. மதுரையில ரத்தம் மாத்துதாவ. கிட்னி ரெண்டும் போச்சாம்," என்றார். வெங்கடேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல், வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பி நடந்தார். எழவு வீட்டில் இருந்து அப்படித்தான் கிளம்புவார்கள். சொல்லிக்கொண்டால் சாவு கூடவே வரும் என்று.

அந்த அவமானம் அவளுக்கு வெகுநேரம் ஆறவில்லை. வேப்பங்கொத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

அதற்கப்புறம் பானுப்பிரியா. உரக்கடையில் கணக்கு எழுதுகிற புதுப்பெண். சமையல் குறிப்புப் புத்தகம் கேட்டு வந்தவளிடம், அன்று காலை வெளியே நின்ற சர்க்கரைப் புத்தகத்தைச் சும்மா நீட்டிப் பார்த்தாள் வெங்கடேஸ்வரி. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இருந்தது. மயங்கி விழுந்த பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் ஆட்டோ ஓட்டுகிற பாண்டி. அவனுக்குக் காசநோய்ப் புத்தகம். அவன் பேப்பர் படிக்க வரும்போதெல்லாம் இருமுவான். அதைத் தன் காதே குறித்து வைத்திருக்கும் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பானுப்பிரியா அடிக்கடி தண்ணீர் குடிப்பதையும், முத்துவீரன் செருப்பு இறுக்கமாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டதையும் கண் பார்த்திருக்கும். எல்லாப் புத்தகத்தையும் படித்தவள் கண்ணுக்கு இதெல்லாம் படாமல் வேறு யார் கண்ணுக்குப் படும்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவளிடம் சமாதானம் இல்லை. ஆள் வருவதற்கு முன்னாலேயே புத்தகம் வெளியே வந்துவிடுகிறது.

சாலையில் பேருந்து போகும் அதிர்வில் நகர்கிறது என்று முதலில் நினைத்தாள். அடுக்கின் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடுத்தாள். பிறகு பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சாயங்காலம் பூட்டும் முன் எல்லா முதுகுகளையும் உள்ளங்கையால் தட்டி அந்தக் கோட்டில் நிறுத்தினாள். காலையில் ஒரே ஒரு புத்தகம் கோட்டைத் தாண்டி நிற்கும். சாக்பீஸ் அழிந்திருக்காது. கோட்டின்மேல் படாமல் தாண்டி வந்தது போல. சில நாள் எதுவும் வெளியே வராது. அன்றைக்கு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பெருக்கத் தொடங்குவாள்.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, பேச்சு ஊருக்குள் போய்விட்டது. பாதிப்பேர் படிப்பகம் இருந்த பக்கமே நடப்பதை விட்டார்கள். மீதிப்பேர் வர ஆரம்பித்தார்கள். பேப்பர் படிக்க அல்ல. வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மேசைப்பக்கம் குனிந்து, "எனக்கு எந்தப் புக்கு?" என்று கேட்டார்கள். அவள் கை அடுக்கின் பக்கம் போகாவிட்டால் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருத்தி, "எனக்கு வேணாம்மா. எங்க மாமியாருக்கு ஒண்ணு எடுத்துக் குடு. எதாயிருந்தாலும் சரிதான், கொஞ்சம் பெரிய புக்கா," என்றாள்.

வெங்கடேஸ்வரி கத்தினாள். தெருமுனையில் அரசாங்கம் இலவசமாகப் பரிசோதனை முகாம் போட்டு நர்சுகள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே போய் விரலை நீட்டினால் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துபோகும், இங்கே வந்து புத்தகத்திடம் குறி கேட்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் வெட்கமாக இல்லையா என்று. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்து, "சரி தாயி. எனக்கு எந்தப் புக்கு?" என்றார்கள்.

வைகுண்டராஜுக்கு ஒரே சந்தோஷம். "கூட்டம் வருதுல்லா, அதப் பாரு. பொறவென்ன," என்றார். ஆனால் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இப்போதெல்லாம் தெருவில் நின்றபடியேதான் பேசினார். அவள் அடுக்குப் பக்கம் லேசாகத் திரும்பினாலும் வண்டியை உதைத்துவிடுவார்.

வைகாசியில் ஒருநாள் காலை, வரிசையை விட்டு வெளியே நின்றது மார்பகப் புற்றுநோய்ப் புத்தகம்.

அது வருவது முதல் தடவை. அன்று பார்த்து ஒரு பெண்ணும் வரவில்லை. பேப்பர் படிக்க நான்கைந்து கிழடுகள், மின்விசிறிக்குக் கீழே ஒரு மில்காரர். எதிரே டீக்கடை இசக்கியம்மாள் மட்டும் வழக்கம்போல அடுப்பு முன்னால் நின்று படிப்பகத்துக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுது தாண்டியதும், இன்றைக்கு இது பொய்தான் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, வாசலில் அம்மா.

வெள்ளத்தாய் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற துணியை மடித்து மடித்து அடுக்குவது வேலை. மகளைப் படிக்கவைத்தது அந்த மடிப்புகள்தான். மகள் வேலை பார்க்கும் இடத்தை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை; "அங்க வந்து நான் என்ன வாசிக்கப் போறேன்," என்பாள். இன்றைக்குக் கையில் தூக்குவாளியோடு நின்றாள். இடது கையில்.

"சோத்த வச்சிட்டுப் போயிட்ட. அதான் கம்பெனியில சொல்லிட்டு வந்தேன்."

"நான் எங்க வச்சிட்டு வந்தேன். இன்னிக்கு ஓட்டல்ல வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்."

"சொன்னியா. மறந்துட்டேன் போல."

வெங்கடேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்து, தெரியாதது மாதிரி பின்னால் நகர்ந்து, நோய் அடுக்கில் முதுகைச் சாய்த்து நின்றாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மறைக்க வேண்டும் போல இருந்தது. வெளியே நின்ற புத்தகத்தை முதுகாலேயே உள்ளே தள்ளினாள். போனது. பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவில் அதன் விளிம்பு மெதுவாக, அவசரமே இல்லாமல், திரும்பி வந்து ஊன்றியது. யாரோ பின்னால் நின்று ஒற்றை விரலால் தொட்டு, கொஞ்சம் நகரு என்பது போல.

அவள் நகரவில்லை.

வெள்ளத்தாய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், சிவப்பு எழுத்து அட்டையைப் பார்த்தாள். "ஒம் பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்று மகள் தலையாட்டினாள். அதற்கப்புறமும் அம்மா கொஞ்ச நேரம் மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"சரி, நான் வாரேன். சோறு ஆறிப்போவும், சாப்பிடு."

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், அம்மா கொடியில் துணி காயப்போடுவதை வெங்கடேஸ்வரி அடுப்படியில் இருந்து பார்த்தாள். வலது கை தோளுக்குமேல் எழவில்லை. இடது கையால் துணியைக் கொடிமேல் எறிந்து, எறிந்து, இழுத்துவிட்டாள். தண்ணீர்க் குடம் எப்போது இடது இடுப்புக்கு மாறியது? ஜாக்கெட்டை ஏன் இப்படித் தொளதொளவென்று தைத்துப் போட்டிருக்கிறாள்? இதையெல்லாம் அவள் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மடிப்பு வேலை, கைவலி என்று நினைத்திருந்தாள். ஊர்க்காரர்களிடம் எல்லாம் பார்த்த கண், அம்மாவிடம் மட்டும் பார்க்கவில்லை.

அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அந்த வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தன. ஆனால் ஏன் என்று அம்மா கேட்பாள். கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தனை பேரிடம் கத்தியவளுக்கு, அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள், இந்த அடுப்பு எரிகிற இடத்தில், சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது. சொல்லாதவரைக்கும் அது இராஜபாளையத்தில் ஷட்டருக்குப் பின்னால் கிடக்கும் ஒரு புத்தகம் மட்டும்தான்.

மறுநாள் காலையும் அதே புத்தகம் வெளியே நின்றது. அதற்கு மறுநாளும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. எந்தப் புத்தகமும் ஆள் கைக்குப் போய்விட்டால் அப்புறம் வெளியே வந்து நிற்பதில்லை. இது அம்மாவுக்காக நிற்கிறது. வேறு ஒரு கைக்குப் போய்விட்டால்?

படித்தவள்தான். என்ன நினைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். இசக்கியம்மாளை அவளுக்குப் பிடிக்காது. ஊரில் இந்தப் பேச்சைப் பரப்பியதில் பாதி அந்த டீக்கடையில் காய்ச்சியது.

"மதினி, இது ஒங்களுக்கு."

இசக்கியம்மாள் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "நான் கேக்கலியே."

"கேக்காட்டி என்ன. குடுக்கணும்னு தோணுச்சு."

"என்ன நோவு இது?"

வெங்கடேஸ்வரி சொன்னாள். தெருவில், வெயிலில், வேறொருத்தியிடம் சொல்லும்போது அந்தப் பெயர் சுலபமாக வந்தது. இசக்கியம்மாளின் முகத்தில் இருந்து ரத்தம் இறங்கிப்போனதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அதற்கப்புறம் அடுக்கு அமைதியாகிவிட்டது. நாள்தோறும் எல்லா முதுகுகளும் சாக்பீஸ் கோட்டில் நின்றன. ஒரு இடைவெளி மட்டும், பல் விழுந்த இடம் மாதிரி. அம்மாவும் சந்தோஷமாக இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சைக்கூட எடுத்தாள். வெங்கடேஸ்வரி அம்மாவின் வலது கையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அதைவிட, எதிர்த்த டீக்கடையைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. இசக்கியம்மாள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாளில் சுற்றிக் கடையிலேயே, சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள். நாளுக்கு நாள் மெலிந்தாள். வாடிக்கையாளர்களோடு வம்பு பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்னும் உயிரோடு இருக்கும் ஒருத்தியின் கருமாதியைத் தூரத்தில் இருந்து பார்ப்பது போல வெங்கடேஸ்வரி பார்த்தாள். பார்த்து, உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதிப்பட்டாள். அந்த ஓரத்தை நினைத்தால் அவளுக்கே குமட்டியது.

ஆடி பிறந்து, ஆண்டாள் தேருக்குப் பந்தல்கால் நட்டாயிற்று. ஒரு மத்தியானம் இசக்கியம்மாள் தெருவைத் தாண்டி வந்தாள். வாசற்படியோடு நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, தாளைப் பிரித்து, புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லயாம்."

வெங்கடேஸ்வரி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா சோறு எறங்கல, ஒறக்கமில்ல. நாத்தனா புடிச்சு இழுத்துட்டுப் போனா. அமுக்கிப் பாத்தாவ, படம் புடிச்சாவ. ஒரு மண்ணும் இல்ல, ஒழுங்கா சாப்பிடும்மான்னு டாக்டரு திட்டுதாரு." பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஏட்டி, நான் ஒன்னப் பத்திப் பேசினேன்தான். இல்லங்கல. அதுக்கு இப்படியா?"

"மதினி..."

"நான் அடுப்பு முன்னால நிக்கேன், கண்ணு அவிஞ்சா போச்சு? அன்னிக்கு ஒங்கம்மா வந்தாவ. நீ அந்த அடுக்குல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நின்ன. ஒங்கம்மா போன பொறவு திரும்பி அந்தப் புக்கப் பாத்த பாரு, அந்த மூஞ்சிய நான் பாத்தேன். அப்ப வெளங்கல. டாக்டரு ஒண்ணுமில்லன்னு சொன்ன அந்தச் செகண்டுல வெளங்கிருச்சு." எழுந்தாள். "ஒன்ன வையறதுக்கு வந்தேன். வைய வாய் வரல. அவியள மொதல்ல கூட்டிட்டுப் போ."

வெங்கடேஸ்வரி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். புத்தகத்தைப் பைக்குள் மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வீட்டு வாசலுக்கு வந்தபோது கால் தயங்கியது. தயங்கியதற்காகத் தன்னையே அறைய வேண்டும் போல இருந்தது. தாண்டினாள்.

வேலை விட்டு வந்திருந்த வெள்ளத்தாய் தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால். புத்தகத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒனக்கு மார்புல கட்டி இருக்கா?"

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"புற்றுநோயா இருக்கலாம்மா." சொல்லிவிட்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்த இடத்தில், சாமி படத்துக்கு முன்னால், முழுப்பெயர். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு மதுரைக்குப் போறோம். பரிசோதனை செய்வாங்க, வேணும்னா ஆபரேஷன் செய்வாங்க, இப்ப எல்லாத்துக்கும் மருந்து..."

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றாள் வெள்ளத்தாய். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"என்னிக்கு?"

"சோறு கொண்டாந்தேனே, அன்னிக்கு. நீ ஓட்டல்ல சாப்பிடுதேன்னு சொன்னது எனக்கு மறக்கல. கம்பெனியில எல்லாரும் சொன்னாவ, ஒம் மக பாத்தாலே சொல்லிருதாளாம், எந்தப் புக்குன்னு எடுத்துக் குடுத்துருதாளாம்னு. தை மாசத்துல இருந்து கட்டி இருக்கு. ஒங்கிட்ட வாய்விட்டுக் கேக்க முடியல. மக கல்யாணத்த வச்சிக்கிட்டு இத எப்படிச் சொல்ல. அதான் வந்து ஒம் முன்னால உக்காந்தேன். நீயா எடுத்துக் குடுத்தா போவோம்னு." முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "நீ அடுக்குப் பக்கமே திரும்பல. சாஞ்சுகிட்டு சும்மா நின்ன. அப்ப நமக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். அம்புட்டு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன்."

மதுரையில் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுவை சிகிச்சை செய்யலாம், அதற்கு முன்னால் மருந்து ஏற்ற வேண்டும், அக்குள் வரை போயிருக்கிறது என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. படிச்ச பொண்ணுதானம்மா நீ," என்றார். அவர் திட்டவில்லை. எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். வெங்கடேஸ்வரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் பேருந்தில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிசையாகப் போகும் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். கையில் வெற்றுப் பூக்கூடை. அடுத்த இருக்கையில் உட்கார்ந்து, வெங்கடேஸ்வரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"நீ ராஜபாளையத்துப் புக்குக்காரப் புள்ளதான? நான் ஒரு தடவ வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு எந்தப் புக்கு?"

"புக்கெல்லாம் அங்க இருக்கு. இங்க ஒண்ணுமில்ல," என்றாள் வெங்கடேஸ்வரி. இனிமேல் அந்த ஷட்டரைத் தூக்குவதில்லை என்று மதுரையிலேயே முடிவு செய்திருந்தாள். அடுக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், தான் ஒரு பக்கம். அதைச் சொல்லத்தான் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒன்று வந்து ஊன்றியது. பின்னால் இருக்கையின் ரெக்ஸின் தவிர எதுவும் இல்லை. அது மெதுவாக, அவசரமே இல்லாமல் அழுத்தியது. அழுத்த அழுத்த, அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. எந்த நோய், உடம்பில் எந்த இடம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது. புத்தகத்தின் முதுகில் அச்சடித்த எழுத்தை வாசிப்பது போலத் தெளிவாக.

உதடுகளை இறுக மூடிக்கொண்டு முன்னால் திரும்பினாள்.

அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஆனால் அவளுடைய இடது கை வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. பேண்டேஜ் துணி மடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

"சொல்லிரு," என்றாள் வெள்ளத்தாய். "அவளும் சந்தோசமா வீட்டுக்குப் போயிரப் போறா."

வெங்கடேஸ்வரி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அதன் பெயரைச் சொன்னாள்.